பத்தாதுன்னு சொன்ன தளபதியும், பத்தும்னு சொன்ன அமைச்சர்களும்



ஒரு சின்னக் கேள்வியோட ஆரம்பிப்போம். நம்ம கூட்டத்துல ஒருத்தர் எழுந்து, "இருக்கிற ஆள் பத்தாதுங்க" என்று சொன்னால் நாம முதல்ல என்ன செய்வோம்? ஆளை எண்ணிப் பார்ப்போமா? இல்ல, "இவர் யார் ஆளு?" என்று விசாரிப்போமா?

பதிலை மனசுக்குள்ள வெச்சுக்கோங்க. கடைசியில் அதுக்கு வருவோம். அதுக்கு முன்னாடி, இதே கேள்விக்கு உலகத்தின் மிகப் பெரிய வல்லரசு எப்படிப் பதில் சொன்னது, அந்தப் பதிலுக்கு யார் யார் விலை கொடுத்தாங்க என்பதைப் பார்த்துடலாம்.

2003 பிப்ரவரி 25. இராக் மீது அமெரிக்கா படையெடுக்க இன்னும் ஒரு மாதம்கூட இல்லை. பத்து நாளுக்கு முன்புதான் லண்டன், ரோம், நியூயார்க் என்று உலகம் முழுக்க மக்கள் தெருவில் இறங்கி, இந்தப் போர் வேண்டாம் என்று முழங்கியிருந்தார்கள். அமெரிக்க செனட்டின் ராணுவக் குழு முன்னால் தரைப்படைத் தலைமைத் தளபதி எரிக் ஷின்செக்கி உட்கார்ந்திருக்கிறார். செனட்டர் கார்ல் லெவின் கேட்கிறார்: போரில் ஜெயித்த பிறகு இராக்கைக் கட்டுக்குள் வைக்க எத்தனை வீரர்கள் வேண்டும்?

ஷின்செக்கி முதலில் நழுவத்தான் பார்த்தார். களத்துத் தளபதிகள்தான் சரியான எண்ணிக்கையைச் சொல்லணும் என்றார். லெவின் விடவில்லை. தோராயமாகவாவது சொல்லுங்க என்றார். அப்போதுதான் அந்த வார்த்தை வந்தது. சில லட்சம் வீரர்கள் தேவைப்படலாம். பெரிய நிலப்பரப்பு, இனப் பகைகள் வெடிக்கக்கூடிய நாடு என்று காரணமும் சொன்னார்.

அவர் ஏதோ வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டாரா? இல்லை. வியட்நாமில் கண்ணிவெடியில் சிக்கி, ஒரு பாதத்தின் பெரும்பகுதியை இழந்தவர் அவர். போருக்குப் பிந்தைய போஸ்னியாவில் அமைதி காக்கும் படைக்குத் தலைமை தாங்கியவர். ஒரு நாட்டைப் பிடிப்பது வேறு, பிடித்த பிறகு அங்கே பள்ளிக்கூடமும் கடைத்தெருவும் பயமில்லாமல் திறந்திருக்கச் செய்வது வேறு என்பதை நேரில் பார்த்தவர்.

நாமே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். போஸ்னியாவின் மக்கள்தொகை ஏறக்குறைய 40 லட்சம். அங்கே முதலில் இறக்கப்பட்ட பன்னாட்டுப் படை சுமார் 60,000. அதாவது ஆயிரம் பேருக்கு 15 வீரர்கள். இராக்கின் மக்கள்தொகை அப்போது சுமார் இரண்டரைக் கோடி. அதே விகிதம் போட்டால் மூணேமுக்கால் லட்சம் வருது. அஞ்சாம் வகுப்புப் பிள்ளை போடுற கணக்குதான் இது.

இரண்டே நாள். பிப்ரவரி 27-ஆம் தேதி துணைப் பாதுகாப்பு அமைச்சர் பால் வுல்ஃபோவிட்ஸ் இன்னொரு குழு முன்னால் வந்து, அந்த மதிப்பீடு உண்மைக்குக் கொஞ்சமும் பக்கத்தில் இல்லை என்று அடித்துப் பேசினார். போரை நடத்தத் தேவைப்படுவதைவிட, போருக்குப் பிறகு அமைதியைக் காக்க அதிகப் படை வேணுமா, இதைக் கற்பனை செய்யவே முடியலையே என்றார். போஸ்னியா மாதிரி இனக்குழுப் படைகள் ஒன்றை ஒன்று வெட்டிக்கொண்ட வரலாறு இராக்குக்குக் கிடையாது என்றும் சொன்னார். பாதுகாப்பு அமைச்சர் டொனால்ட் ரம்ஸ்ஃபெல்டும் அதே பாட்டைத்தான் பாடினார்.

இங்கே ஒரு விஷயம் கவனிங்க, தோழர்களே. அமைச்சர்கள் வேறு ஒரு கணக்கைக் கொண்டு வந்து வைத்துத் தளபதியை மறுக்கவில்லை. "எங்களுக்குத் தோணலை" என்றுதான் மறுத்தார்கள். கணக்குக்கு எதிரில் நம்பிக்கையை நிறுத்தினார்கள்.

அதற்குப் பிறகு நடந்தது நமக்கெல்லாம் தெரிந்ததுதான். ஏறக்குறைய ஒன்றரை லட்சம் அமெரிக்க வீரர்கள் இராக்குக்குள் போனார்கள். மூன்றே வாரம். ஏப்ரல் 9-ஆம் தேதி பாக்தாத் விழுந்தது. சதாம் சிலை சாய்ந்த காட்சியை உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது. "பார்த்தீங்களா, ஆள் பத்தலைன்னு சொன்னாரே!" என்று கேலி பேசியவர்கள் உண்டு.

கூடவே கொள்ளையும் ஆரம்பிச்சது. அமைச்சகங்கள், மருத்துவமனைகள், பல்கலைக்கழகங்கள், எதுவும் தப்பவில்லை. ஆயிரக்கணக்கான ஆண்டுப் பழமையான சின்னங்கள் இருந்த தேசிய அருங்காட்சியகத்தையும் சூறையாடினார்கள். எண்ணெய் அமைச்சகத்துக்கு மட்டும் காவல் இருந்தது. இதைப் பற்றிக் கேட்டபோது ரம்ஸ்ஃபெல்ட், இதெல்லாம் நடக்கிறதுதான், சுதந்திரம்னா கொஞ்சம் அலங்கோலமாத்தான் இருக்கும் என்கிற தொனியில் பதில் சொன்னார்.

நாடு முழுக்க இருந்த ஆயுதக் கிடங்குகளுக்குக் காவல் போட ஆள் இல்லை. அங்கிருந்து போன வெடிபொருள்கள் பின்னாளில் சாலையோரக் குண்டுகளாகத் திரும்பி வந்தன. எல்லைகளைக் காக்க ஆள் இல்லை. மே 23-ஆம் தேதி அமெரிக்க நிர்வாகி பால் பிரெமர் இராக் ராணுவத்தையே கலைத்தார். சம்பளம் இழந்த லட்சக்கணக்கான ஆண்கள், கையில் ஆயுதப் பயிற்சியோடு தெருவுக்கு வந்தார்கள். உள்ளூர்ப் படையும் போச்சு, வந்த படையும் பத்தலை. நடுவுல இருந்த வெற்றிடத்தில் புகுந்தது யார்? வுல்ஃபோவிட்ஸ் "அந்த வரலாறே இல்லை" என்று சொன்ன அதே ஆயுதக் குழுக்கள்.

அதே 2003 ஜூன் 11-ஆம் தேதி ஷின்செக்கி ஓய்வு பெற்றார். உண்மை சொன்னதற்காக அவரைப் பதவியிலிருந்து தூக்கிட்டாங்க என்று பலர் சொல்வார்கள். அது சரியில்லை. நாலு வருடப் பதவிக்காலம் முடிந்துதான் போனார். அமைச்சகத்தோடு அவருக்கு அதற்கு முன்பே உரசல் இருந்தது. அடுத்து வரப்போகிறவர் யார் என்ற செய்தியே ஓராண்டுக்கு முன்னால் கசியவிடப்பட்டிருந்தது. ஆனால் அவருடைய பிரிவு உபசார விழாவுக்கு ரம்ஸ்ஃபெல்டும் வரவில்லை, வுல்ஃபோவிட்ஸும் வரவில்லை. பத்து டிவிஷன் வெச்சுக்கிட்டு பன்னிரண்டு டிவிஷனுக்கான திட்டம் போடாதீங்க என்று அந்த மேடையிலும் எச்சரித்துவிட்டுத்தான் இறங்கினார்.

அவர் சொன்னது அமைச்சர்கள் காதில் ஏறவில்லை. ஆனால் சீருடை போட்ட மற்ற எல்லாருக்கும் ஒரு பாடம் ஏறிடுச்சு. எண்ணிக்கையைச் சொன்னா என்ன நடக்கும் என்கிற பாடம்.

ஒரு தளபதியை அவமானப்படுத்தும்போது வாயை மூடுவது அவர் மட்டும் இல்லீங்க. அவருக்குக் கீழே இருக்கிற நூறு பேர் சேர்ந்து மூடுறாங்க. 2005 ஜூனில் அதிபர் புஷ் நாட்டு மக்களுக்குச் சொன்னார்: களத்தில் இருக்கும் தளபதிகள் கேட்டால் கூடுதல் படை அனுப்புவேன், ஆனா இருக்கிறதே போதும் என்றுதான் அவர்கள் சொல்கிறார்கள். கேட்க எவ்வளவு நியாயமா இருக்கு! ஆனால் கேட்டவர் கதி என்ன என்று எல்லாரும் பார்த்தாச்சு. பயத்தில் வந்த மௌனத்தைச் சம்மதம் என்று எழுதிக்கொண்டால், அந்த ஏட்டை வைத்து எந்த முடிவை எடுக்க முடியும்?

ஓய்வு பெற்ற பிறகுதான் வாய் திறந்தது. 2004 அக்டோபரில் பிரெமர், களத்தில் நமக்குப் போதுமான படை இருக்கவே இல்லை என்று சொன்னார். அப்போது அவர் பதவியில் இல்லை. 2006 ஏப்ரலில் ஓய்வு பெற்ற தளபதிகள் வரிசையாக வந்து ரம்ஸ்ஃபெல்ட் விலக வேண்டும் என்றார்கள். வரவேற்போம். ஆனா ஒரு கேள்வி கேட்காமல் இருக்க முடியாது. பென்ஷன் வந்த பிறகு வரும் தைரியம், பணியில் இருக்கும்போது எங்கே போயிருந்தது?

2006 நவம்பர் 7. போரின் மீது வெறுப்படைந்த மக்கள் நாடாளுமன்றத்தின் இரண்டு அவைகளையும் புஷ் கட்சியிடமிருந்து பறித்தார்கள். அடுத்த நாளே ரம்ஸ்ஃபெல்ட் விலகல் அறிவிப்பு வந்தது. நவம்பர் 15-ஆம் தேதி, அதே செனட் ராணுவக் குழு முன்னால், அந்தப் பகுதிக்கே தலைமைத் தளபதியான ஜான் அபிசைட் உட்கார்ந்தார். ஷின்செக்கி சொன்னது சரிதான், போர் முடிந்த உடனே அதிகப் படை இருந்திருக்க வேண்டும் என்று ஒப்புக்கொண்டார்.

அதே குழு. இடையில் மூன்றே முக்கால் வருடம். அதற்குள் 2,800-க்கும் அதிகமான அமெரிக்க வீரர்கள் பிணமாக வீடு திரும்பியிருந்தார்கள். போர் முடியும்போது அந்தக் கணக்கு ஏறக்குறைய 4,500. செத்த இராக்கியப் பொதுமக்கள் ஒரு லட்சத்துக்கும் மேல்.

இங்கே சில தோழர்கள் கேட்கலாம்: "அப்போ இன்னும் அதிகப் படையோட போயிருந்தா அந்தப் போர் நியாயம் ஆயிடுமா?"

ஆகாது. நிச்சயமா ஆகாது. பேரழிவு ஆயுதம் இருக்கு என்று சொல்லித் தொடங்கின போர் அது. அப்படி ஒரு ஆயுதக் குவியல் கிடைக்கவே இல்லை. எத்தனை லட்சம் பேரை அனுப்பினாலும் அந்தப் பொய் உண்மை ஆகாது.

ஆனா ஷின்செக்கி சொன்ன எண்ணிக்கையை நாம வேற மாதிரி பார்க்கணும். அது ஒரு விலைச் சீட்டு. கடையில் பொருள் எடுக்கும்போது விலையைப் பார்த்துத்தானே வாங்கலாமா வேண்டாமா என்று முடிவு பண்றோம்? போருக்கு அதிகாரம் கொடுக்கும் தீர்மானத்தில் அமெரிக்க நாடாளுமன்றம் 2002 அக்டோபரிலேயே வாக்களித்துவிட்டது. செனட்டில் 77-க்கு 23. ஷின்செக்கியிடம் அந்தக் கேள்வி வந்ததோ நாலு மாதம் கழித்து. பில்லைப் போட்டு முடிச்ச பிறகு விலைச் சீட்டைத் தேடிய கதை. அந்த நேரத்திலும் உண்மையான விலையைச் சொன்னவரை அதட்டி உட்கார வைத்தார்கள். ஏன்? சில லட்சம் வீரர்கள், பல வருடங்கள் என்று தெரிந்தால் தன் பிள்ளையை அனுப்பும் ஒவ்வொரு தாயும் "இந்தப் போர் எதுக்கு?" என்று கேட்டிருப்பாள். சின்ன எண்ணிக்கையைக் காட்டினால்தான் பெரிய போரை விற்க முடியும்.

இது அவர்களுக்குப் புதுசும் இல்லை. 1965-இல் வியட்நாமிலும் இதையேதான் செய்தார்கள். அன்றைய தரைப்படைத் தலைமைத் தளபதி ஹெரால்ட் ஜான்சன், அஞ்சு லட்சம் வீரர்களும் அஞ்சு வருடமும் ஆகலாம் என்று மூடிய அறைக்குள் அதிபரிடம் சொன்னார். ஜூலை 28-இல் அதிபர் லிண்டன் ஜான்சன் மக்களிடம் அறிவித்தது: படை 75,000-இல் இருந்து 1,25,000 ஆகும். மேலும் தேவைப்பட்டால் அனுப்புவோம் என்று ஒரு வரி. அந்த வருடக் கடைசியில் அங்கே சுமார் 1,84,000 பேர். 1969-இல் 5,43,000. தளபதி மூடிய அறையில் சொன்ன அஞ்சு லட்சத்தைத் தாண்டியாச்சு. மக்களுக்கு அது தவணை முறையில்தான் தெரிந்தது.

1967 நவம்பரில் தளபதி வெஸ்ட்மோர்லேண்ட் வாஷிங்டன் வந்து, முடிவு கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்துவிட்டது என்றார். இரண்டே மாதத்தில், 1968 ஜனவரி இறுதியில், டெட் பண்டிகைத் தாக்குதல் தென் வியட்நாம் நகரங்களை உலுக்கியது. மார்ச்சில் இன்னும் 2,06,000 வீரர்கள் கேட்கப்பட்ட செய்தி பத்திரிகையில் கசிந்தது. ஜெயிக்கப் போறோம்னு சொன்னவங்களே இரண்டு லட்சம் பேர் கேட்குறாங்களே! மக்கள் கொதித்துப் போனார்கள். அந்த மாதம் 31-ஆம் தேதி, மறுபடியும் தேர்தலில் நிற்கப் போவதில்லை என்று அதிபர் ஜான்சன் அறிவித்தார். 58,000-க்கும் அதிகமான அமெரிக்கர்களும், அதைப்போல் பல மடங்கு வியட்நாமியர்களும் அந்தப் போரில் செத்தார்கள்.

சரி, அமெரிக்காக்காரன் கணக்குல நமக்கு என்ன வேலை என்று கேட்கலாம்.

இருக்கு. ஆள் பத்தலைன்னு சொன்னவரை ஒதுக்கிவைத்த அந்த அரசு, சில மாதத்தில் ஊர் ஊராப் போய் ஆள் கேட்டது. கேட்ட நாடுகளில் நம் நாடும் ஒன்று. ஒரு முழு டிவிஷன், ஏறக்குறைய 17,000 இந்திய வீரர்களை இராக்குக்கு அனுப்பச் சொல்லிக் கேட்டார்கள். டெல்லியில் வாரக்கணக்கில் விவாதம் நடந்தது. அனுப்பலாம் என்று வாதாடியவர்களும் இருந்தார்கள். ஏற்கெனவே அந்த ஏப்ரலில் நம் நாடாளுமன்றம் போரைக் கண்டித்துத் தீர்மானம் போட்டிருந்தது. 2003 ஜூலை 14-ஆம் தேதி வாஜ்பாய் அரசு, ஐ.நா.வின் தெளிவான ஆணை இல்லாமல் படை அனுப்புவதில்லை என்று முடிவெடுத்தது.

அந்த முடிவு மட்டும் மாறியிருந்தால்? வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டை மாதிரி, தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளை ராணுவத்துக்கு அனுப்பும் ஊர்கள் நம்மிடம் இருக்கு. வாஷிங்டனில் ஒரு அமைச்சர் கணக்கை மறைத்ததற்கு, நம்ம ஊர் வீட்டு வாசலில் பந்தல் போட வேண்டி வந்திருக்கும். ஆக, இந்தக் கணக்கு அமெரிக்காவோடு முடியுற கணக்கு இல்லை.

நம்ம நாட்டிலும் இப்படி உண்மை பேசிய தருணம் உண்டு. 2018-இல் அப்போதைய ராணுவத் துணைத் தலைமைத் தளபதி, பாதுகாப்புக்கான நாடாளுமன்ற நிலைக்குழுவிடம், நம்மிடம் இருக்கும் தளவாடங்களில் 68 சதவீதம் பழசாகிப் போனவை, அந்த வருட பட்ஜெட் எங்கள் நம்பிக்கையைக் குலைத்துவிட்டது என்று பட்டவர்த்தனமாகச் சொன்னார். குழுவின் அறிக்கையிலேயே அது பதிவாகியிருக்கு. இதைத் தேசத்துக்கு எதிரான பேச்சு என்று யாராவது சொல்ல முடியுமா? எல்லையில் நிற்கிறவன் கையில் என்ன இருக்கு என்பதை மக்கள் பிரதிநிதிகளிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

ஒன்றைத் தெளிவா சொல்லிடணும். தளபதிகள் நாட்டை ஆளணும் என்று நாம் சொல்லவில்லை. அது ஜனநாயகத்துக்கு ஆபத்து. மேடை போட்டு அரசியல் பேசுவதும் அவர்கள் வேலை இல்லை. போருக்குப் போவதா வேண்டாமா என்று முடிவெடுக்க வேண்டியவர்கள் மக்கள் தேர்ந்தெடுத்தவர்கள்தான். தளபதிகள் சொல்வதெல்லாம் சரியாக இருக்கும் என்றும் இல்லை. 2006-இல் கூடுதல் படை வேண்டாம் என்று அபிசைடே சொன்னார். 2007-இல் புஷ் அதை மீறித்தான் அனுப்பினார். அதுக்குப் பிறகு வன்முறை குறைந்தது. எதனால் குறைந்தது என்று இன்றும் வாதம் நடக்குது.

நாம் கேட்பது இவ்வளவுதான். கேட்கும்போது உண்மையான எண்ணிக்கையைச் சொல்லணும். சொன்னவரைச் சொன்னதற்காகத் தண்டிக்கக் கூடாது. அதைக் கேட்ட பிறகும் போகலாம் என்று முடிவெடுத்தால், அந்த முடிவுக்கு எடுத்தவர்தான் பொறுப்பு. எண்ணிக்கையை மறைத்துவிட்டால் யாருமே பொறுப்பில்லாமல் போயிடுது. செத்தவன் மட்டும்தான் பொறுப்பு.

படை பத்தாதபோது யார் சுமக்கிறார்கள் தெரியுமா? ஏற்கெனவே போனவனே. 2007 ஏப்ரலில் அமெரிக்கத் தரைப்படை வீரர்களின் களப்பணிக் காலம் 12 மாதத்திலிருந்து 15 மாதமாக நீட்டப்பட்டது. காலண்டரில் நாளை எண்ணிக்கொண்டிருந்த குடும்பத்துக்கு இன்னும் மூணு மாதம். தப்புக் கணக்குப் போட்டவர்களுக்கு அந்த மூணு மாதம் எப்படி இருக்கும் என்று தெரிந்திருக்காது.

ஷின்செக்கியின் கதையில் இன்னொரு பகுதியும் இருக்கு. அதையும் சொல்லாமல் விட்டால் நாமும் கணக்கை மறைத்தவர்கள் ஆகிடுவோம். 2009-இல் ஒபாமா அவரை முன்னாள் படைவீரர் நலத்துறை அமைச்சர் ஆக்கினார். நோயாளிகளுக்கு 14 நாளுக்குள் மருத்துவரைப் பார்க்க நேரம் ஒதுக்கணும் என்று இலக்கு வைத்தார்கள். முடியாத இடங்களில் ஊழியர்கள் என்ன செய்தார்கள்? மேலிடத்துக்கு ஒரு பட்டியல், உண்மையில் இன்னொரு பட்டியல். காத்திருந்த முன்னாள் வீரர்கள் காத்துக்கொண்டே இருந்தார்கள். 2014-இல் விஷயம் வெடித்தது. வந்த அறிக்கைகளை அளவுக்கு அதிகமா நம்பிட்டேன் என்று ஒப்புக்கொண்டு, மே 30-ஆம் தேதி ஷின்செக்கி பதவி விலகினார்.

மேலே இருந்தவர்களிடம் உண்மையான எண்ணிக்கையைச் சொன்ன மனுஷனே, மேலே போய் உட்கார்ந்ததும் பொய் எண்ணிக்கையில் கவிழ்ந்தார். நல்லவராக இருந்தால் மட்டும் போதாது தோழர்களே. "பத்தலைங்க" என்று கீழே இருக்கிறவன் பயமில்லாமல் சொல்ல முடியணும். அதுக்கு மேலே இருக்கிறவர் இடம் கொடுக்கணும்.

இப்போ முதல் கேள்விக்கு வருவோம்.

வாக்குச்சாவடிக்குப் பத்துப் பேர் இருக்காங்க என்று பட்டியல் எழுதிக் கொடுக்கிறோம். நேர்ல போய்ப் பார்த்தா நாலு பேர். இதைக் கூட்டத்தில் ஒரு கிளைத் தோழர் எழுந்து சொன்னால், நம்மில் எத்தனை பேர் "சரி, வாங்க எண்ணுவோம்" என்று சொல்வோம்? எத்தனை பேர் பக்கத்தில் இருப்பவர் காதில் "அவன் அந்தப் பக்கத்து ஆளு" என்று சொல்வோம்? இணையத்தில் நம் பதிவுக்குக் கீழேயே ஒருத்தர் ஒரு குறையைச் சொன்னால், அவருக்குத் துரோகி பட்டம் கட்ட நமக்கு எத்தனை நிமிடம் ஆகுது?

போரும் தேர்தலும் ஒன்று இல்லை. ஆனா பயம் வேலை செய்யும் விதம் ரெண்டு இடத்திலும் ஒன்றுதான். முதல் ஆளை அதட்டினால், அடுத்த ஆள் "எல்லாம் சரியா இருக்குண்ணே" என்று சொல்லக் கத்துக்கிறான். அப்புறம் முடிவு வரும் நாளில்தான் தலைமைக்குக் கணக்கு தெரியும். அன்றைக்குத் தெரிந்து என்ன பயன்?

நம்மை ஆள்கிறவர்களிடம் கேட்போம்: தளபதி என்ன சொன்னார், நிலைக்குழு என்ன கேட்டது, உண்மையான எண்ணிக்கை எவ்வளவு? கேட்கிற உரிமை நமக்கு இருக்கு. அந்த உரிமையோடு ஒரு கடமையும் சேர்ந்தே வருது. நம்மிடம் ஒருத்தர் "பத்தாது" என்று சொன்னால், முதல்ல எண்ணிப் பார்ப்போம். எண்ணிக்கை தப்பா இருந்தா, நம்ம எண்ணிக்கையை எடுத்து வைத்து மறுப்போம். அவர் யார் ஆளு என்கிற விசாரணை அப்புறம் இருக்கட்டும்.

படிச்சிட்டு உங்க கருத்தைக் கீழே எழுதுங்க தோழர்களே. மாற்றுக் கருத்து இருந்தாலும் எழுதுங்க. அதுக்குத்தானே இவ்வளவும் பேசினோம்.

#உண்மையைச்_சொல்லட்டும் #எண்ணிப்_பார்ப்போம்